அலாஸ்காவில் வழிகாட்டி இல்லாமல் கரிபு வேட்டை: விமான எடை, மந்தை, கறி – திட்டமிட உதவி தேவை

வடக்குச்சரிவு எழுதியது:

வணக்கம். நானும் நண்பர் ஒருவரும் அடுத்த ஆண்டு அலாஸ்காவுக்குக் கரிபு (வடதுருவப் பக்கத்துப் பெரிய மான்) வேட்டைக்குப் போகிறோம். இருவரும் அமெரிக்கக் குடிமக்கள், இருப்பது மினசோட்டாவில். வெள்ளைவால் மான் வேட்டையும், முதுகுப்பையோடு பல நாள் காட்டில் தங்குவதும் பழக்கம்தான். சாலையே இல்லாத இடத்தில் சிறுவிமானம் இறக்கிவிட்டுப் போனபின் தங்குவது இதுதான் முதல் தடவை.

இப்போதைய யோசனை: ஆகஸ்ட் கடைசியில் ஃபேர்பேங்க்ஸ், அங்கிருந்து புரூக்ஸ் மலைத்தொடரின் வடக்குப் பக்கம், களத்தில் 8 நாள், ஆளுக்கு ஓர் ஆண் கரிபு. எந்த மந்தையை நம்பி முன்பணம் கட்டுவது? விமானக்காரரிடம் எதையெல்லாம் முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும்? ஆளுக்கு 50 பவுண்டு சாமான்தான் என்கிறார்கள். அதற்குள் எப்படி அடக்குவது? மரமே இல்லாத வெளியில் கறியை நாலைந்து நாள் கெடாமல் வைப்பது எப்படி? "நல்ல பூட்ஸ் வாங்குங்கள்" என்ற அளவில் நிறுத்தாமல் எண்ணோடும் காரணத்தோடும் சொன்னால் பெரிய உதவி.

சரளைத்திட்டு எழுதியது:

இடத் தேர்வு சரி. கியூபெக்கில் 2018 பிப்ரவரியோடு கரிபு விளையாட்டு வேட்டை மூடப்பட்டது. கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் வெளியாட்கள் அவுட்ஃபிட்டர் (வேட்டைப் பயணம் நடத்தித் தரும் நிறுவனம்) வழியாகத்தான் போக முடியும். அலாஸ்காவில் வெளிமாநில அமெரிக்கர் வழிகாட்டி இல்லாமலே கரிபு சுடலாம். பழுப்புக் கரடி, டால் ஆடு, மலையாடு ஆகிய மூன்றுக்குத்தான் வழிகாட்டியோ அலாஸ்காவில் வசிக்கும் நெருங்கிய உறவினரோ கூடவே இருக்க வேண்டும். நீங்கள் போகும் சரிவுகளில் டால் ஆடு கண்ணில் படும். பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டியதுதான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டுக் குடிமக்களுக்கு அலாஸ்காவில் கரிபு உட்பட எல்லாப் பெரிய விலங்குக்கும் பதிவுபெற்ற வழிகாட்டி கட்டாயம். எச்1பி போன்ற விசாவில் அமெரிக்காவில் இருப்பவர்கள் துப்பாக்கியைத் தொடுவதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. ஏதாவதொரு அமெரிக்க மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது அதற்கு ஒரு விதிவிலக்கு. அந்த லைசென்ஸ் தேதி முடிந்த மறுநாளே நிலைமை மாறிவிடும். ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

மந்தைக்கு வருவோம். பழைய கட்டுரைகளையும் பழைய வீடியோக்களையும் பார்த்து இடம் தேர்ந்தெடுக்காதீர்கள். மேற்கு ஆர்க்டிக் மந்தை 2003-இல் 4,90,000 இருந்தது, 2023 கணக்கில் 1,52,000. அந்தப் பக்கம் வெளியாட்களுக்கு மாநில விதியும் கூட்டாட்சி நில விதியும் இறுகிவிட்டன. முல்சாட்னா மந்தை 1990-களில் சுமார் 2 லட்சம். இன்று அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, வேட்டையும் மூடியிருக்கிறது. நீங்கள் சொல்லும் வடக்குச் சரிவில் இரண்டு மந்தைகள் உண்டு. மத்திய ஆர்க்டிக் மந்தை 2010 வாக்கில் 70,000 வரை போய், 2016-இல் 22,000-க்கு விழுந்து, பிறகு 30,000-ஐத் தாண்டி மீண்டது. கிழக்கே போர்க்குப்பைன் மந்தை, 2017-இல் 2,18,000.

எண்ணிக்கை பெரியது என்பதால் போர்க்குப்பைனுக்குப் போவதா? அவசரப்படாதீர்கள். அந்த மந்தை கோடையில் பெரும்பாலும் எல்லை தாண்டிக் கனடாப் பக்கம் போய்விடும். ஆகஸ்டில் அலாஸ்காப் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். மத்திய ஆர்க்டிக் மந்தை சிறியது, ஆனால் ஆகஸ்ட் கடைசியில் அடிவாரக் குன்றுகளில் பரவலாக நிற்கும். 8 நாள்தான் இருக்கிறது என்றால், வரப்போகும் பெருங்கூட்டத்துக்குக் காத்திருப்பதைவிட, சிதறி நிற்கும் ஆண்களைத் தேடிப் போவது நம்பகமானது என்பது என் கருத்து. எந்த யூனிட் (மாநிலம் பிரித்திருக்கும் வேட்டைப் பகுதி), சீசன் தேதி, ஆளுக்கு எத்தனை என்பதை அலாஸ்கா மீன்–வேட்டைத் துறையின் அந்த ஆண்டுக் கையேட்டிலேயே பாருங்கள். நடுவில் அவசர மூடல் உத்தரவும் வரும். கிளம்பும் வாரத்தில் மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

நில எல்லையும் முக்கியம். கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக் என்ற கூட்டாட்சிக் காப்புநிலத்தில் தேசியப் பூங்கா என்ற பகுதியில் உங்களுக்கு வேட்டை கிடையாது, பிரிசர்வ் என்ற பகுதியில் உண்டு. வரைபடத்தில் இரண்டும் ஒட்டியே கிடக்கும். பழங்குடி நிறுவனங்களின் தனியார் நிலம் ஆறுகளை ஒட்டி வரும். டால்டன் நெடுஞ்சாலையின் இருபுறமும் 5 மைலுக்குத் துப்பாக்கி வேட்டை கூடாது, வில்–அம்பு மட்டும். ஜிபிஎஸ்-இல் நில உரிமை அடுக்கை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்.

செலவும் தாள்களும்: வெளிமாநிலத்தவருக்கு ஆண்டு லைசென்ஸ் 160 டாலர், கரிபு டேக் (விலங்கின்மேல் பூட்டும் அடையாளச் சீட்டு) ஒன்றுக்கு 650 டாலர். பயன்படுத்தாத டேக்குக்குப் பணம் திரும்பாது. ஆனால் அதே விலையோ குறைந்த விலையோ உள்ள வேறு விலங்குக்கு, அதன் சீசன் திறந்திருந்தால், அந்த டேக்கைப் போடலாம். கருங்கரடி டேக் 450 என்பதால் கரிபு டேக் அதற்குச் செல்லும். டேக்கோடு இலவச ஹார்வெஸ்ட் டிக்கெட்டும் (வேட்டைப் பதிவுச் சீட்டு) எடுக்க வேண்டும். விலங்கு விழுந்தவுடன், கத்தியை எடுக்கும் முன்பே, அதில் நாளையும் மாதத்தையும் வெட்டி எடுங்கள். இதை மறந்து கூடாரத்துக்கு வந்தபின் செய்பவர்கள் அபராதம் கட்டுகிறார்கள்.

விமானத்தில் பறந்த அன்று வேட்டை கூடாது. மறுநாள் அதிகாலை 3 மணிக்குப் பிறகுதான். கால அட்டவணைப்படி ஓடும் பயணிகள் விமானத்துக்கு மட்டும் இது பொருந்தாது. ஆகவே 8 நாளில் இறங்கும் நாளைக் கழியுங்கள். நடுவில் இடம் மாற்றினால் இன்னொரு நாள் போகும். இடமாற்றம் ஒரு நாளைத் தின்னும் என்பதால் முதல் இடத்தில் மூன்று நாள் எதுவுமே கண்ணில் படாவிட்டால் மட்டும் கேளுங்கள்.

விமானக்காரரிடம் பேசும்போது முதல் கேள்வி: நீங்கள் டிரான்ஸ்போர்ட்டரா, ஏர் டாக்ஸியா (வாடகைச் சிறுவிமானம்)? டிரான்ஸ்போர்ட்டர் என்பவர் வேட்டைக்காரர்களை ஏற்றிச் செல்ல மாநில லைசென்ஸ் பெற்றவர். ஆனாலும் அவர் வழிகாட்டி அல்ல. விலங்கைத் தேடிக் காட்டுவதோ, நெருங்க உதவுவதோ, அறுக்க உதவுவதோ அவர் செய்யக் கூடாது. அப்படிச் செய்து தருவதாக யாராவது சொன்னால் ஒதுங்குங்கள், மாட்டிக்கொள்வது நீங்களும்தான். ஆர்க்டிக் வனவிலங்குக் காப்பகத்துக்குள் இறக்குவதென்றால் அவருக்கு அங்கே தனி அனுமதி இருக்க வேண்டும். பிறகு கேளுங்கள்: எந்த விமானம், ஆளோடு சேர்த்து எத்தனை பவுண்டு, இறங்கும் இடத்தை முடிவு செய்வது யார், அதே பள்ளத்தாக்கில் வேறு குழுவை இறக்குவீர்களா, கறிக்கென்று நடுவில் ஒரு நடை வர எவ்வளவு, வானிலையால் தாமதமானால் செலவு யாருடையது. எல்லாம் மின்னஞ்சலில் வரட்டும். நல்ல ஆட்களிடம் இடம் ஓராண்டு, ஈராண்டுக்கு முன்பே நிரம்பிவிடும். அடுத்த ஆண்டு என்றால் இந்த வாரமே கூப்பிடுங்கள்.

பொதிக்கணக்கு எழுதியது:

எடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

50 பவுண்டு என்ற எண் சூப்பர் கப் விமானத்தால் வருவது. பைலட்டுக்குப் பின்னால் ஒரே ஓர் ஆள், அவர் பின்னால் கொஞ்சம் சாமான், அவ்வளவுதான். செஸ்னா 185, 206, பீவர் என்றால் கூடுதல் இடம் உண்டு. ஆனால் அவற்றுக்கு நீளமான ஓடுதளமோ ஏரியோ வேண்டும். நல்ல இடங்கள் பல கப் மட்டுமே இறங்கக்கூடிய சிறு சரளைத் திட்டுகள். முதலில் கேளுங்கள்: ரைஃபிள் 50-க்குள் சேர்த்தியா, தனியா? உங்கள் உடல் எடையை உள்ளபடி சொல்லுங்கள், உடையும் பூட்ஸும் போட்ட எடை. ஜாக்கெட் பைகளில் திணித்துத் தராசை ஏமாற்றினால் விமானம் அதைச் சுமக்கத்தான் வேண்டும். ஓடுதளம் 300 மீட்டர்கூட இல்லாத இடத்தில் அப்படிக் கூடுதலாக ஏறும் 15 பவுண்டு விளையாட்டல்ல.

கணக்கு இப்படி வரும். இருவருக்கும் பொதுவானதை ஆளுக்குப் பாதியாக வைத்தால்: நான்கு பருவக் கூடாரம் 5 பவுண்டு, அடுப்பு–எரிவாயு–பாத்திரம் 2, மின்வேலி 2, தார்ப்பாய் 1, ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் (ஒற்றைக்குழல் தொலைநோக்கி) முக்காலியும் 2.5, மருந்து–பழுதுக் கிட்–இன்ரீச் (செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி) 1. மொத்தம் 13.5. தனிப்பட்டவை: கறி சுமக்கும் பிரேம் பை 6, தூக்கப் பை 3, மெத்தை 1.5, மழையுடையும் மாற்றுடையும் 6, கறிப் பைகளும் கத்தியும் 2.5, சில்லறை 1.5. அது 20.5. உணவு 8 நாளோடு வானிலைக்காக 3 நாள் சேர்த்து 11 நாள், நாளுக்கு ஒன்றரை பவுண்டு, ஆக 16.5. கூட்டினால் 50.5. ரைஃபிளும் தோட்டாவும் இதில் இல்லை, அவை ஒரு 9 பவுண்டு. ஆக முதல் பட்டியலிலேயே 10 பவுண்டு அதிகம்.

எங்கே குறைப்பது? உணவில் குறைக்காதீர்கள், அதன் அடர்த்தியைக் கூட்டுங்கள். ஒன்றரை பவுண்டு என்பது 680 கிராம். கிராமுக்கு 4.4 கலோரி சராசரி வந்தால்தான் 3,000 கலோரி. நிலக்கடலை, நெய், சீஸ், சாக்லேட் அந்தச் சராசரியைத் தூக்கும். உலர்த்திய பொட்டல உணவு மட்டும் என்றால் வராது. அவல் நல்ல தேர்வு: வெந்நீர் ஊற்றி மூடினால் போதும், அடுப்பில் கொதிக்க வேண்டியதில்லை. சுடும் கறியை உணவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஸ்பாட்டிங் ஸ்கோப்பை விடலாம், 10 மடங்கு பைனாகுலர் ஆளுக்கொன்று, ஒரே ஒரு சின்ன முக்காலி போதும், ஏனென்றால் நீங்கள் கொம்பின் அங்குலத்தை அளக்கப் போவதில்லை. மாற்று பேண்ட் வேண்டாம். மாற்று உள்ளாடை ஒரு ஜோடி, சாக்ஸ் மூன்று ஜோடி. பருத்தி ஒன்றுகூட வேண்டாம், ஜீன்ஸ் நனைந்தால் அங்கே ஒரு வாரத்துக்குக் காயாது. தோட்டா 20 போதும்.

துப்பாக்கி .270, .308, .30-06, 6.5 கிரீட்மோர் எதுவானாலும் சரி. கரிபு கடினமான விலங்கல்ல, தூரம்தான் கடினம். 200 கஜத்துக்குச் சரிசெய்து, 300 வரை படுத்தும் பையில் சாய்த்தும் பழகுங்கள். ஃபேர்பேங்க்ஸில் இறங்கியதும் ஒருமுறை சுட்டுப் பாருங்கள். பெட்டியில் அடிபட்டுத் துப்பாக்கியின் குறிபார்க்கும் ஸ்கோப் நகர்ந்திருக்கலாம்.

பெரிய டஃபில் பை ஒன்று வேண்டாம். 20–30 லிட்டர் நீர்புகாப் பைகள் நாலைந்தாகப் பிரித்தால் பைலட் விமானத்தின் வால் வரைக்கும் இண்டு இடுக்கில் செருகிவிடுவார். ரைஃபிளின் கெட்டிப் பெட்டி சிறுவிமானம் கிளம்பும் தளம் வரைதான், பிறகு மென்மையான உறை. பெட்டியைத் தளத்திலேயே விட்டுப் போங்கள்.

எரிவாயு டின், வெள்ளை பெட்ரோல், கரடி ஸ்ப்ரே மூன்றும் பயணிகள் விமானத்தில் ஏறாது, செக்–இன் பையிலும் கூடாது. ஃபேர்பேங்க்ஸில் வாங்கினாலும், அங்கிருந்து இன்னொரு பயணிகள் விமானம் பிடித்துத் தளத்துக்குப் போவதானால் அதிலும் ஏறாது. பலர் தடுக்கி விழும் இடம் இது. தளத்திலேயே வாங்கி வைக்கும்படி விமானக்காரரிடம் சொல்லுங்கள். 230 கிராம் டின் ஒன்று காற்றில்லாமல் 12–15 லிட்டர் தண்ணீர் கொதிக்க வைக்கும். இருவருக்கு நாளுக்கு 4 லிட்டர் என்றால் 11 நாளுக்கு நான்கு டின். வடக்குச் சரிவில் விறகு கிடையாது, காற்றுத் தடுப்பு இல்லாவிட்டால் நான்கும் போதாது. பழைய பெட்ரோல் அடுப்பை எடுத்துப் போவதானால் வாசனை துளியும் இல்லாமல் கழுவ வேண்டும், வாசனை வந்தால் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள்.

தண்ணீருக்கான குழாய் இழை வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே வெடித்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல் வரும். ராத்திரி தூக்கப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே குளோரின் மாத்திரை ஒரு பட்டை.

கறிக்காவல் எழுதியது:

திட்டத்தை முடிவிலிருந்து தொடங்குங்கள். எத்தனை பவுண்டு கறியை எத்தனை நாள் காப்பாற்ற முடியும், விமானம் எப்போது எடுத்துப் போகும் என்று முதலில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகுதான் எத்தனை கரிபு, எந்த நாள் என்று முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள், கறி வீணாகிறது. அலாஸ்காவில் உண்ணத்தக்க கறியை விட்டு வருவது கடுமையான குற்றம். சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், அந்த நிலத்தில் கரிபுவை நம்பியே வாழும் கிராமங்கள் உண்டு. அழுகிய பை ஒன்றோடு அவர்கள் முன்னால் இறங்குவதைப் போல் அவமானம் வேறில்லை.

வளர்ந்த ஆண் 350–400 பவுண்டு. எலும்பு நீக்கினால் 100–130 பவுண்டு கறி, எலும்போடு 150–170. கட்டாயம் கொண்டுவர வேண்டியவை: முன்னங்கால் முழங்கால் வரை, பின்தொடை குதிங்கால் மூட்டு வரை, முதுகுக்கறி, உள்முதுகுக்கறி, கழுத்து, நெஞ்சு, விலாக்கறி. விலாவை விட்டு வருவதும் குற்றம்தான். சில யூனிட்டுகளில் தொடைகளையும் விலாவையும் எலும்போடேயே கொண்டுவர வேண்டும். உங்கள் யூனிட்டின் பக்கத்தில் அந்த வரி இருக்கிறதா பாருங்கள். ஆண் மட்டும் என்று விதி இருந்தால், பாலினத்தைக் காட்டும் உறுப்பு ஒரு தொடையோடு இயற்கையாக ஒட்டியபடி கடைசி வரை இருக்க வேண்டும். கரிபுவில் பெட்டைக்கும் கொம்பு உண்டு, அதனால் கொம்பு சாட்சியாகாது. சுடும் முன்பும் அதே எச்சரிக்கை: சின்ன ஆணையும் பெட்டையையும் கொம்பை வைத்துப் பிரிக்காதீர்கள், பின்புறத்தையும் அடிவயிற்றையும் பாருங்கள்.

அறுப்பது: குடலைத் திறக்காத முறைதான் இங்கே சுத்தம். பக்கவாட்டில் கிடத்தி, முதுகெலும்பு நெடுகக் கீறி, தோலை வயிற்றுப் பக்கம் உரித்து விரித்துக்கொள்ளுங்கள், அதுவே பாய். முன் சப்பை, பின்தொடை, முதுகுக்கறி, கழுத்து, விலா என்று எடுத்துப் பிரட்டி மறுபக்கம். உள்முதுகுக்கறியை விலா முடியும் இடத்தில் பின்னாலிருந்து விரலால் பிரித்து எடுக்கலாம். கரிபு முடி உள்ளே துளையுள்ளது, ஈரக்கறியில் பசைபோல ஒட்டும். கத்தியை எப்போதும் தோலின் உள்பக்கத்திலிருந்து வெளிநோக்கிச் செலுத்தினால் முடி வெட்டுப்படாது. மாற்று அலகுக் கத்தி கூர்மைதான், ஆனால் மூட்டில் பக்கவாட்டாக நெம்பினால் அலகு ஒடிந்து கறிக்குள் தங்கிவிடும். மூட்டுக்கு 4 அங்குல நிலையான கத்தி வேண்டும். கையுறை கட்டாயம்: ஆர்க்டிக் மந்தைகளில் புருசெல்லா கிருமி உண்டு. மூட்டோ விரையோ வீங்கியிருந்தால் அதைக் கீறாதீர்கள். தசையில் அரிசிபோல வெள்ளைக் கட்டிகள் தெரிந்தால் அது நாடாப்புழுவின் கூடு. மனிதருக்குத் தீங்கில்லை, வேகவைத்தால் போதும்.

கெடுவது எங்கிருந்து தொடங்கும் தெரியுமா? மேலிருந்து அல்ல. பின்தொடையில் பந்துமூட்டைச் சுற்றி, தடிமனான தசையின் நடுவில் சூடு தங்குகிறது. வெளியே தொட்டால் சில்லென்று இருக்கும், உள்ளே எலும்பை ஒட்டிப் புளித்துக்கொண்டிருக்கும். அதனால் விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடைகள் உடலிலிருந்து பிரிந்து காற்றில் இருக்க வேண்டும். சூடான பைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக் கூடாது. ஆகஸ்டில் வடக்குச் சரிவிலும் 15–20 டிகிரி செல்சியஸ் பகல் வரும். அப்படியான நாளில் கறியைக் கெட்டியான நீர்புகாப் பையில் கட்டி ஆற்றுத் தண்ணீரில் அரைமணி, ஒரு மணி முக்கிச் சூட்டை இறக்கி, உடனே வெளியே எடுத்துத் துணிப் பைக்கு மாற்றிக் காற்றில் விடுங்கள். பிளாஸ்டிக்கில் விட்டுவைத்தால் வியர்த்துக் கெட்டுவிடும்.

பிறகு வேண்டியது மூன்று: குளிர், காற்று, உலர்வு. மரம் இல்லாததால் தொங்கவிட முடியாது. ஆற்றோரம் வில்லோ புதர் இருக்கும். வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாக முழங்கால் உயரம் அடுக்கி, அதன்மேல் பைகளைத் தொடாமல் பரப்புங்கள். மேலே தார்ப்பாய், இரண்டு அடி இடைவெளி விட்டு, காற்று வரும் பக்கம் திறந்து. தார்ப்பாய் பையைத் தொட்டால் அந்த இடம் வியர்க்கும். காலை மாலை பைகளைப் புரட்டுங்கள். இரண்டாம் நாளில் மேற்பரப்பு காய்ந்து கறுத்த தோல்போல் ஆக வேண்டும். ஆகிவிட்டால் ஈ முட்டை ஒட்டாது, பாதி வேலை முடிந்தது. சிட்ரிக் அமிலத் தூள் 60 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பது மேற்பரப்பைப் புளிப்பாக்கிக் கிருமியைத் தாமதிக்கும். ஈரமான கறியில் தெளித்தால் மேலும் ஈரம்தான், முதலில் காயட்டும். ரத்தம் ஊறிய பையை மாற்ற வேண்டும், ஆகவே கரிபு ஒன்றுக்கு 6 பை, கூடுதலாக 2.

ஆகஸ்ட் கடைசியா, செப்டம்பர் முதல் வாரமா என்றால் நான் செப்டம்பர் பக்கம். கொசுவும் ஈயும் உறைபனிக்குப் பின் அடங்கும், கொம்பை மூடியிருக்கும் வெல்வெட் என்ற மென்தோலும் பெரும்பாலும் உரிந்திருக்கும். மாதக் கடைசி வரை தள்ளாதீர்கள். இணைசேரும் பருவம் நெருங்க நெருங்கப் பெரிய ஆண்கள் மேய்வதை நிறுத்துகின்றன, கறி வாயில் வைக்க முடியாத நாற்றம் எடுக்கும்.

வடக்குச்சரிவு எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. எடைப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டேன். இன்னும் மூன்று கேள்வி. கூடாரத்திலிருந்து எவ்வளவு தூரம் வரை சுடலாம்? கூட்டமாக வந்தால் இருவரும் ஒரே நேரத்தில் சுடுவது சரியா? எலும்பை நீக்கினால் சுமை குறையுமே, சட்டம் அனுமதித்தால் நீக்கலாமா? கரடிக்கு மின்வேலி உண்மையில் பயன்படுமா என்பதும் சொல்லுங்கள்.

சரளைத்திட்டு எழுதியது:

தூரத்துக்குக் கணக்குப் போடுவோம். புல் மேடுகள் நிறைந்த தூந்திராவில் சுமையோடு மணிக்கு ஒரு மைல்தான். மேட்டின்மேல் கால் வைத்தால் சாயும், நடுவில் வைத்தால் தண்ணீர். கரிபு 2 மைலில் விழுந்தால் ஒரு நடை போக ஒன்றரை, வர இரண்டு, ஆக மூன்றரை மணி நேரம். எலும்போடு ஒரு ஆண் மூன்று சுமை, கொம்போடு நான்கு. இரண்டு ஆணுக்கு எட்டு, ஆளுக்கு நான்கு நடை. அறுக்க ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று மணி நேரம். முழுதாக இரண்டு நாள் போகும், அதற்குள் கறி கிடக்கும் இடத்துக்குக் கரடி வந்துவிடலாம். ஆகவே ஒரு மைலுக்குள் என்பதை விதியாக வைத்துக்கொண்டு, நிலம் கெட்டியான சரளையாக இருந்தால் மட்டும் ஒன்றரை. ஆற்றுக்கு அக்கரையில் நிற்பதைச் சுடாதீர்கள்; மழை பெய்தால் காலையில் முழங்கால் அளவு இருந்த தண்ணீர் மாலையில் இடுப்புக்கு வரும்.

இருவரும் ஒரே நேரத்தில் சுடுவது வேண்டாம். மந்தையில் தோட்டா ஒன்றைத் துளைத்துப் பின்னால் நிற்பதையும் அடிக்கும், டேக் இல்லாத ஒன்று விழும். ஒருவர் சுட்டு, விழுந்தது உறுதியான பிறகு மற்றவர். குளிரான நாளாக இருந்து, தூரம் அரை மைலுக்குள் என்றால் அன்றே இரண்டாவது. இல்லாவிட்டால் முதல் கறி அடுக்கில் ஏறிய பிறகுதான்.

நடந்துகொண்டிருக்கும் கரிபுவைப் பின்னால் துரத்த முடியாது. அது மேய்ந்துகொண்டே போகும் வேகம் உங்கள் ஓட்டம். காற்றுக்கு எதிராக எந்தப் பள்ளத்தை நோக்கிப் போகிறது என்று பார்த்து முன்னால் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். கூட்டமாக இடம்பெயர்ந்து வந்தால் முன்னணியைப் போக விடுங்கள். தலைமைக் கூட்டம் மிரண்டு திரும்பினால் பின்னால் வருவது அத்தனையும் வேறு வழி பிடிக்கும். வடமேற்கு அலாஸ்காவின் இனூப்பியாட் மக்கள் தலைமுறைகளாகச் சொல்வது இது, அதை மதிக்க வேண்டும். ஒருவர் மேட்டில் நின்று மற்றவருக்கு வாக்கி–டாக்கியில் "இடப்பக்கம் போகிறது" என்று சொல்வது சட்டவிரோதம். டிரோனும் அப்படியே.

மின்வேலி பயன்படும், சரியாகப் போட்டால். இரண்டு டி பேட்டரியில் ஓடும் சிறிய கருவி சுமார் 4 பவுண்டு. தோற்பது பெரும்பாலும் தரையிணைப்பில். காய்ந்த சரளையில் தரைக்கம்பி அடித்தால் மின்சுற்று முழுமையாகாது, கரடிக்கு அதிர்ச்சியே இராது. ஈரமான மண்ணில் தரைக்கம்பியை முழுதும் இறக்குங்கள், வேலிக்கம்பிகளை ஒன்று விட்டு ஒன்று தரையோடு இணைத்தால் இன்னும் நல்லது. புல் வேலிக்கம்பியைத் தொட்டால் மின்னழுத்தம் வடியும், தினமும் சோதிப்பானால் பாருங்கள். கூடாரத்துக்கு ஒன்று, கறிக்கு இன்னொன்று இருந்தால் சிறப்பு. எடை இடம் தராவிட்டால் கூடாரத்துக்கு. கறி அடுக்கு கூடாரத்திலிருந்து 100 கஜமாவது தள்ளி, காற்று போகும் பக்கம், கூடார வாசலிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி. குடல் கிடக்கும் இடத்துக்குத் திரும்பும்போது தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்துவிட்டு, பேசிக்கொண்டே போங்கள். கறிப் பைகளைக் குடலிலிருந்து நூறு கஜமாவது இழுத்துத் திறந்தவெளியில் வைத்திருந்தால்தான் அப்படிப் பார்க்க முடியும். கரடி கறிமேல் உட்கார்ந்துவிட்டால் அது அதன் கறி. கறியை மீட்பதற்காக அதைச் சுட்டால் தற்காப்பு என்று சொல்ல முடியாது.

கறிக்காவல் எழுதியது:

எலும்பு பற்றி: நீக்காதீர்கள். எடை கால் பங்கு குறையும், உண்மைதான். ஆனால் எலும்போடிருக்கும் தொடை தன் வடிவத்தில் நிற்கும், சுற்றிக் காற்று போகும், வெட்டுப்பட்ட பரப்பு குறைவு. எலும்பில்லாத கறி பைக்குள் ஒரே உருண்டையாகச் சரிந்து, நடுவில் சூட்டையும் அடியில் ரத்தத்தையும் தேக்கிக்கொள்ளும். நாலைந்து நாள் வைக்கும் திட்டத்தில் இது பெரிய வித்தியாசம்.

பொதிக்கணக்கு எழுதியது:

இதில் பாதி மட்டும் ஒத்துக்கொள்கிறேன். தொடைகள் எலும்போடு இருக்கட்டும். கப் விமானத்தில் இரண்டு ஆணின் கறியும் எலும்போடு என்றால் 300 பவுண்டுக்கு மேல். உங்களையும் சாமானையும் சேர்த்து இன்னும் ஒரு நடை, அதற்குத் தனிப் பணம். யூனிட் விதி அனுமதித்தால், விமானம் வரும் நாள் காலையில் எலும்பை நீக்குங்கள். அப்போது கறி ஆறிக் காய்ந்திருக்கும், சில மணி நேரத்துக்கு உருண்டையானாலும் கெடாது.

திரும்பும் நாளுக்கும் சில குறிப்பு. கூடாரத்தை ஓடுதளத்தின் முனையிலோ ஆற்றின் தாழ்ந்த திட்டிலோ போடாதீர்கள். மழையில் திட்டு மூழ்கினால் கூடாரமும் போகும், விமானம் இறங்க இடமும் போகும். அப்போது மாற்று இடத்துக்கு நடக்க வேண்டிவரும் என்பதால் அந்த இடத்தை இறங்கும் அன்றே பைலட்டிடம் கேட்டு ஜிபிஎஸ்-இல் குறியுங்கள். சரளையில் ஆணி நிற்காது. சாக்குப் பைகளில் கல் நிரப்பிக் கயிற்றைக் கட்டுங்கள். ஓடுதளத்தின் ஓரத்தில் பிரகாசமான நாடா ஒன்றைக் குச்சியில் கட்டினால் பைலட் காற்றைப் பார்த்துக்கொள்வார். இன்ரீச்சில் "வானிலை நல்லாருக்கு" என்று அனுப்பாதீர்கள். மேகம் எந்த மலையின் எந்த உயரத்தில் நிற்கிறது, எத்தனை மைல் தெரிகிறது, காற்று எந்தத் திசை, தரை ஈரமா, கறி எத்தனை பவுண்டு – இவ்வளவும் ஒரே செய்தியில். முதல் கரிபு அடுக்கில் ஏறியதுமே செய்தி அனுப்பிவிடுங்கள்; அந்தப் பக்கம் வேறு யாரையாவது இறக்க வரும்போது கறியை எடுத்துப் போக வாய்ப்புண்டு.

கொம்பு கடைசிச் சுமையோடுதான் கிளம்ப வேண்டும், கறிக்கு முன்னால் நகர்த்துவது சட்டப்படி தவறு. விமானத்துக்காக மண்டையை இரண்டாகப் பிளந்தால் இடம் மிச்சம், ஆனால் பூன் அண்ட் குரோக்கெட் என்ற சங்கத்தின் கொம்புச் சாதனைப் பதிவுக்கு அது செல்லாது. ஃபேர்பேங்க்ஸில் கறி வெட்டி உறைய வைக்கும் கடைகளில் செப்டம்பரில் வரிசை நிற்கும், ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். முழுதாக உறைய இரண்டு நாளாவது வேண்டும் என்பதால் வீடு திரும்பும் டிக்கெட்டை அதற்கேற்பத் தள்ளிப் போடுங்கள், மாற்றக்கூடிய டிக்கெட்டாக இருக்கட்டும். உறைந்த கறியை மெழுகுப் பெட்டியில் 50 பவுண்டுக்குள் கட்டிச் செக்–இன் செய்யலாம். உலர்பனி வைத்தால் ஆளுக்கு 2.5 கிலோதான் வரம்பு, பெட்டிக்கு வெளியே எழுதி ஒட்ட வேண்டும்; கல்லாக உறைந்திருந்தால் மினசோட்டா வரை உலர்பனி இல்லாமலே தாங்கும்.

கறியில் கொஞ்சத்தைத் தளத்துக் கிராமத்தில் கொடுப்பதாக இருந்தால் நல்ல, சுத்தமான தொடையாகக் கொடுங்கள், கூடவே உடைமை மாற்றப் படிவத்தைப் பூர்த்தி செய்து இருவரும் கையெழுத்திடுங்கள். படிவம் கையேட்டின் உள்ளேயே அச்சாகியிருக்கும், வெட்டி இரண்டு பிரதியாகப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வேட்டை அறிக்கை 15 நாளுக்குள், இணையத்திலேயே.